சீமைப் புல்லும் செம்பாக்கத்து வெயிலும்

சென்னையை அடுத்த செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் 12 அடி அகலமும் 20 அடி நீளமுமாக ஒரு துண்டு மண்தரை இருக்கிறது. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்துபோன அடுத்த வாரம், அந்த மண்ணைக் கொத்திக் கிளறினேன். அதில் தானாக வளர்ந்து கிடந்த அறுகம்புல்லை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டேன். கட்டிகளை உடைத்து, மட்கிய சாணமும் மணலும் கலந்து பரப்பி, ஒரு கிலோ ரை புல் விதையைத் தூவினேன். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்ந்த நாட்களில் தழைக்கும் புல் அது.

ஆறாம் நாள் காலையில் தரை முழுக்க ஊசி ஊசியாகப் பச்சை. பொங்கலன்று தெருவே நின்று பார்த்தது. கோலம் போட வந்த பக்கத்து வீட்டுப் பெண் அதைக் கையால் தடவிப் பார்த்து, "பட்டு மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். மாசி பிறந்ததும் ஒரு காலையில் அங்கங்கே புல் எண்ணெயில் நனைந்ததுபோல் படிந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் சிலந்தி நூல்போல வெள்ளை இழை. இரவில் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் வேரழுகல் பூசணம் வரும் என்று பள்ளியில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். பங்குனியில் மஞ்சள் பரவியது. சித்திரை முதல் தேதி அது வைக்கோல்.

எங்கள் தெருவில் தென்னை மட்டை கழிக்க வரும் மாடம்பாக்கத்துப் பெரியவர் ஒருவர் மதிலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தார். "நம்ம வெயிலு இதுக்கு ஆவாது டீச்சரம்மா. அறுகு இருந்துச்சே, அதை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. முப்பது ஆண்டு தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். என் அப்பா ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் புல்தரையில் வேலை பார்த்தவர். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தெரிந்தும் ஏன் செய்தேன் என்று யோசித்தபோதுதான், புல்தரை என்ற ஆசை நமக்குள் எந்த வழியாக வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் புல்லின் உள்வேலை. இலைக்குள் காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்கும் நொதி ஒன்று உண்டு. ரூபிஸ்கோ என்று பெயர். வெயில் ஏற ஏற அது தடுமாறும்; கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் செடி சம்பாதித்ததில் ஒரு பங்கு வீணாகப் போகும். ரை, ஃபெஸ்க்யூ, பென்ட், கென்டக்கி புளூகிராஸ் ஆகிய குளிர்ப்புற்கள் எல்லாம் இந்த நொதியை மட்டுமே நம்பி வாழ்பவை. 15 முதல் 24 டிகிரி வரை அவற்றுக்குச் சுகம். அறுகு, கரும்பு, சோளம் போன்றவை வேறு ஏற்பாடு செய்துகொண்டன. வெளிச்செல்லில் கரியமில வாயுவைப் பிடித்து, நான்கு கரி அணுக்கள் கொண்ட அமிலமாக மாற்றி, உள்செல்லுக்குத் திணித்து அனுப்பும். உள்ளே அது அடர்த்தியாகச் சேர்வதால் ரூபிஸ்கோ தடுமாற இடமில்லை. 27 முதல் 35 டிகிரியில்தான் இவை முழு மூச்சாக வளரும். ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பு இலையை ஆராய்ந்து 1966-இல் இந்த வழியை விளக்கினார்கள்.

இந்தப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "நெல்லும் முதல் வகைதானே டீச்சர், அது மட்டும் எப்படி இங்கே விளையுது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நெல் தண்ணீரில் நின்று இலை வழியாக நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. அதோடு, நம் வெயிலில் தாங்கியதை மட்டும் விதைக்கு எடுத்து எடுத்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உழவர்கள் பழக்கிய பயிர் அது. ரை புல்லை அப்படிப் பழக்கியது ஐரோப்பாவின் தூறலும் மூட்டமும். சென்னையில் ஜனவரி இரவே சராசரி 21 டிகிரி. மே பகல் 37-க்கு மேல். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. எங்கள் வாசலில் நான் விதைத்த புல்லுக்கு உகந்த காலம் மார்கழியும் தையும் மட்டும்தான்.

புல்தரை பிறந்த இடம் இங்கிலாந்து. கோடை அங்கே எரிக்காது. மழை ஆண்டு முழுக்கச் சிறுகச் சிறுகப் பெய்யும். ஆடு மேய்ந்த மேய்ச்சல் நிலம் தானாகவே மட்டமாகப் பச்சையாக நிற்கும். பிரபுக்களின் மாளிகை முன்னால் அதே மேய்ச்சல் நிலத்தை நீண்ட கைப்பிடி அரிவாளால் விடிகாலைப் பனி ஈரத்தில் ஆட்கள் வரிசையாக நின்று அறுத்தார்கள். பயிர் செய்ய வேண்டிய நிலத்தைச் சும்மா பச்சையாக வைத்திருக்க முடிந்தவர்களுக்கே அது கட்டுப்படியானது. 1830-இல் ஸ்ட்ரவுட் என்ற நெசவு ஊரில் எட்வின் பட்டிங் என்பவர், துணியின் மேல் எழும் பிசிறைச் சீராகச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, அதே சுழல் கத்தியைப் புல்லுக்கு மாற்றிக் காப்புரிமை பெற்றார். ஆட்கூலி குறைந்தது. புல்தரை மாளிகையிலிருந்து நடுத்தர வீட்டுக்கு இறங்கியது.

அந்த நாட்டுக்காரர்கள் மதராஸில் கோட்டை கட்டியது 1640-இல். பின்னர் கோட்டையை விட்டு வெளியே வந்து அடையாற்றங்கரையிலும் மவுண்ட் ரோட்டின் இருபுறமும் தோட்ட வீடுகள் எழுப்பினார்கள். 1835-இல் தோட்டக்கலைக்கென்று ஒரு சங்கமும் மதராஸில் தொடங்கினார்கள். ஆனால் எந்தச் சீமை விதையும் சித்திரை வெயிலைத் தாண்டவில்லை. வெயில் ஊர்களின் கோல்ஃப் திடல்களில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல் வளர்க்க முடியாமல், மணலில் எண்ணெய் கலந்து உருட்டிப் பழுப்புத் தரை போட்டு ஆடினார்கள். தோட்ட வீடுகளுக்குப் பச்சை கொடுத்தவர்கள் உள்ளூர்த் தோட்டக்காரர்கள். அவர்கள் எடுத்தது வயல் வரப்பில் கிடந்த அறுகு.

அவர்கள் கைவேலையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். செம்பாக்கம் வந்த புதிதில், தாம்பரம் பக்கம் ஒரு பெரிய வளாகத்தில் பழைய தோட்டக்காரர் ஒருவர் புல்தரை போட்டார். விதை வாங்கவில்லை. வரப்பில் வெட்டிய அறுகைக் கணு கணுவாக நறுக்கிக்கொண்டார். நறுக்கிய அறுகு இரண்டு கூடை, தோட்டமண் ஒரு கூடை, பச்சைச் சாணம் ஒரு கூடை, கொஞ்சம் சாம்பல். தண்ணீர் விட்டுக் குழைத்து, நனைத்து மட்டம் செய்த தரையில் ஒரு அங்குலக் கனத்துக்கு, அடுப்படி மெழுகுவதுபோல மெழுகிக்கொண்டே போனார். மேலே சன்னமாக மண் தூவி, பூவாளியால் தினம் நீர். இரண்டு வாரத்தில் ஒவ்வொரு கணுவும் முளைவிட்டது. மூன்று மாதத்தில் பாய் விரித்த மாதிரி ஆனது. அந்த வித்தையை எந்தச் சீமைப் புத்தகத்திலும் அவர் படித்திருக்க முடியாது. சாணம் மெழுகும் வீட்டுக்குத்தான் அது தோன்றும்.

சமவெளியில் கிடைக்காத சீமைப் பச்சையை ஆங்கிலேயர்கள் மலையில் கண்டார்கள். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். 1822-இல் இன்றைய ஊட்டியான ஒத்தக்கல் மந்தில் கல்வீடு கட்டத் தொடங்கினார். தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் இருளரும் வாழ்ந்த மலை அது. வளைந்து வளைந்து செல்லும் புல்மேடுகளைப் பார்த்த ஆங்கிலேயர்களுக்குத் தங்கள் ஊர் ஞாபகம் வந்தது. பின்னர் ஊட்டியே மதராஸ் மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகரம் ஆனது.

தாவரவியல் பூங்கா தொடங்கியது காய்கறிக்காக. 1840-களில் ஊட்டியில் இருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி, தங்களுக்குக் கோசும் கேரட்டும் விளைய ஒரு தோட்டம் வைத்துக்கொண்டார்கள். அது சரிவர நடக்கவில்லை. 1847-இல் ஆளுநர் ட்வீடேல் பிரபு காலத்தில் பொதுத் தோட்டம் அமைக்க முடிவானது. லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848-இல் வந்து சேர்ந்தார். அவர் கையில் கிடைத்த நிலத்தின் மேல்பகுதி செங்குத்தான காட்டுச்சரிவு, கீழ்ப்பகுதி சேறும் சதுப்பும். வடிகால் வெட்டி, மண் நிரப்பி, பாதை போட்டு, ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் அதைத் தோட்டமாக்கினார். மலேரியாவுக்கு மருந்தான சின்கோனாவைத் தொட்டபெட்டாவில் பயிராக்கியவரும் இவரே. இன்று லட்சக்கணக்கானவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பெரிய புல் மைதானத்தின் இடம், அவர் வரும்போது கால் புதையும் நிலம்.

என் அப்பா அந்த மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்தது 1950-களில். சத்தியமங்கலத்திலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறிய குடும்பம் எங்களுடையது. எட்டு வயதில் நான் சோற்றுத்தூக்கு கொண்டுபோவேன். அப்பாவும் இன்னும் சிலரும் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, சின்னக் கத்தியால் களையை வேரோடு நெம்பி எடுத்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்வார்கள். பின்னால் போகிறவர் குழியில் ஒரு பிடி மண் போட்டு உள்ளங்கையால் தட்டுவார். மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை போய்ச் சேர்ந்தால், முதலில் எடுத்த இடத்தில் மறுபடி களை வந்திருக்கும்.

அப்பாவுக்கு ஆண்டு என்பது புல்லின் ஆண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. இரவில் வெப்பம் சுழியத்தைத் தொட்டால் விடிகாலையில் மைதானம் உப்பு கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும். வெயில் படுவதற்குள் தண்ணீர் தெளித்து அந்தப் பனியைக் கரைக்க வேண்டும். விட்டால் புல் கருகும். பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடி கொண்டுவந்து மூடுவார்கள். அப்படி ஒரு காலையில் நான் குறுக்கே ஓடப் பார்த்தேன். அப்பா கத்தினார்: "அம்மிணி, மிதிக்காதே! பனியோட மிதிச்சா உன் காலு கறுப்பா பத்து நாளைக்கு நிக்கும்." கேட்காமல் மூன்று அடி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் அந்த மூன்று பாதமும் பழுப்பாக அங்கேயே இருந்தன. உறைந்த இலைச் செல்லை மிதித்தால் அது உடைந்துபோகும் என்பதைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு அந்தப் பாதங்கள்தான் நினைவுக்கு வந்தன.

மார்ச்சில் மண் தூவி மேடுபள்ளம் நிரப்புவார்கள். ஏப்ரலில் மைதானத்தைக் கயிறு கட்டி மூடிவிடுவார்கள். மே மாத மலர்க் கண்காட்சிக்குள் அது நிரம்பித் தழைக்க வேண்டும். கண்காட்சி முடிந்ததும், மிதிபட்டு இறுகிய தரையை முள்ளால் குத்திக் காற்று விடுவார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை. பாசியும் நத்தையும் அப்போதைய எதிரி. செப்டம்பரில் இரண்டாம் சீசன். அதன்பின் வடகிழக்கு மழை. மறுபடி பனி. அந்த 55 ஏக்கர் பூங்காவைப் பச்சையாக வைத்திருந்தது குளிர் மட்டுமில்லை. விடியலுக்கு முன் எழுந்த மனிதர்களின் விரல்களும்தான்.

ஊட்டி மைதானத்தின் முக்கியப் புல் கிக்கியூ. கென்யாவின் உயர்மலை நாட்டில் வாழும் கிக்கியூ மக்களின் பெயர் அதற்கு. இலையின் உள்வேலையில் அது அறுகின் உறவு. பிறந்தது மலையில் என்பதால் குளிருக்கும் பழகிக்கொண்டது. ஓடுதண்டால் படர்ந்து மிதியைத் தாங்கும். உண்மையான குளிர்ப்புற்கள் நீலகிரிக்கு வந்தது மேய்ச்சலோடும் தோட்டத்தோடும். அவற்றில் ஒன்றை அப்பா வாசப்புல் என்பார். அறுத்துக் காயவிட்டால் புதுவைக்கோலும் வெல்லமும் கலந்த ஒரு மணம். ஆன்தாக்சாந்தம் என்ற ஐரோப்பியப் புல் அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இன்று அது வேலி தாண்டி நீலகிரியின் இயற்கைப் புல்வெளிக்குள் புகுந்து பரவிவிட்டது.

அந்தப் புல்வெளியின் வயதுதான் என்னை மிகவும் அசைத்த செய்தி. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் பல அடி ஆழத்துக்குக் கரிச்சேறு படிந்த சதுப்பு உண்டு. வெயில்வகைச் செடியும் குளிர்வகைச் செடியும் மட்கும்போது, அவற்றின் கரியில் எடை கூடிய அணுவின் விகிதம் வேறுபடும். ஆர். சுகுமாரும் அவருடன் ஆய்ந்தவர்களும் அந்தச் சேற்றை அடுக்கடுக்காகச் சோதித்து 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன், பூமி பனியுகத்தில் வறண்டு கிடந்தபோது, வெயில்வகைப் புற்கள் மலையை ஆண்டன. பிறகு 11,000 ஆண்டுகளுக்கு முன்பை ஒட்டி மழை கூடியதும் சோலை மரங்கள் உட்பட மற்ற வகை மேலோங்கியது. மனிதர் யாரும் விதைக்காமல், மழையும் குளிரும் சொன்னபடி ஒரு வகை ஏற மற்றது இறங்கி வந்திருக்கிறது. தோடர்கள் எருமை மேய்த்ததும், சதுப்பில் வளரும் உயரப் புல்லை அறுத்துக் கோயிலுக்கும் குடிலுக்கும் கூரை வேய்ந்ததும் இந்தப் புல்வெளியில். பூங்காவின் மேட்டில் இன்றும் தோடர் குடியிருப்பான ஒரு மந்து இருக்கிறது. சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் வெற்று நிலம் என்று எண்ணி நட்டதெல்லாம் அந்தப் பழைய புல்லின் மேல்தான். சீமைப் புல்தரைக்கு நாம் கொடுத்த விலையில் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்பா சீமைப் புல்லை வெறுத்தவர் இல்லை. 1979-இல் ரமேஷ் கிருஷ்ணன் விம்பிள்டனில் இளையோர் பட்டம் வென்ற செய்தி நாளிதழில் வந்தபோது, படத்தைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "கோட்டுக்கிட்ட மட்டும் தேஞ்சிருக்கு பாரு. அங்கதான் அதிகம் நிக்கறாங்க" என்றார். ரமேஷின் தந்தை ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் அதே இளையோர் பட்டத்தை வென்றவர். 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டனில் அரையிறுதி வரை போனவர். சித்திரையில் வெடிக்கும் மதராஸ் மண்ணிலிருந்து போனவர்கள் அந்தக் குளிர்ப்புல்லில் ஆடக் கற்றார்கள். விம்பிள்டனில் 2001 முதல் முழுக்க ரை புல்தான்; 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். அங்கே அது அழகு. அதன் மண்ணில், அதன் மழையில் நிற்கிறது.

2022-இல் மகன் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தேன். செப்டம்பர் வந்ததும் தெருவெங்கும் புல்வேலை. ஒரு இயந்திரம் தரையிலிருந்து விரல் கனத்துக்கு மண்குச்சிகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போனது. காற்றும் நீரும் வேருக்கு இறங்கும் வழி அது. அதன்மேல் ஃபெஸ்க்யூ, புளூகிராஸ், ரை மூன்றும் கலந்த விதை. ரை ஒரு வாரத்தில் முளைத்துத் தரையை மூடும். புளூகிராஸ் மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, பின்னர் மண்ணுக்குள் படர்ந்து இடைவெளியை அடைக்கும். மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வெட்ட வேண்டும், ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று மகன் விளக்கினான். அப்பா சொன்னதையே பேரன் வேறு மொழியில் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றியது. ஜூலை வெயிலில் அந்தப் புல் பழுத்து உறங்கிவிடுமாம். இலையுதிர் காலத்துக் குளிர்காற்றில் விழித்துக்கொள்ளுமாம். நம் ஊரில் அந்தக் குளிர்காற்று வருவதில்லை. அதனால்தான் என் வாசலில் உறங்கிய புல் எழுந்திருக்கவில்லை.

அமெரிக்கப் புல்தரைகளின் பரப்பை 2005-இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மதிப்பிட்டபோது ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர் வந்தது. தமிழ்நாட்டின் முழுப்பரப்பே 1,30,058 சதுர கிலோமீட்டர்தான். தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் எந்த ஒரு பயிரையும்விட அங்கே புல் அதிகம். அந்த மண்ணின் மழையும் குளிரும் அதற்கு இடம் கொடுக்கும் ஊர்களிலேயே இவ்வளவு உழைப்பும் நீரும் கேட்கிறது என்றால், இரண்டு நாளுக்கு ஒருமுறை லாரித் தண்ணீர் வாங்கும் செம்பாக்கத்தில் அதை ஆசைப்படலாமா என்ற கேள்வி அங்கேயே எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொன்னிற மாலையில் அந்தப் பச்சை, அப்பாவின் மைதானம்போல இருந்தது. அந்த நினைவுக்காகத்தான் விதை வாங்கினேன். மாடம்பாக்கத்துப் பெரியவருக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இது.

அதே அமெரிக்காவின் தெற்கில், வெயில் அதிகமான ஜார்ஜியா மாநிலத்தில், டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற அறிஞர் வேறொரு வேலை செய்தார். அறுகையும் ஆப்பிரிக்கச் சிற்றினம் ஒன்றையும் கலப்பு செய்து, 1956-இல் டிஃப்கிரீன், 1960-இல் டிஃப்வே என்ற கலப்பினங்களைத் தந்தார். இன்று வெயில் நாடுகளின் விளையாட்டுத் திடல்களிலும் கோல்ஃப் மைதானங்களிலும் வளர்வது பெரும்பாலும் இந்தப் பரம்பரை. பெர்முடா புல் என்று பெயர் சூட்டி நமக்கே விற்கிறார்கள். கோவை வேளாண் கல்லூரியின் ரங்காச்சாரியார் 1921-இல் தென்னிந்தியப் புற்களுக்கென்று கையேடு எழுதியபோது அதில் இடம்பெற்ற அதே அறுகுதான். "ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்தும் நம் பெரியவர்கள், அந்தப் புல்லின் கணுவிலும் வேரிலும் இருக்கும் பிடிவாதத்தைக் கவனித்தே சொல்லியிருக்கிறார்கள்.

நாங்கள் வந்த 1994-இல் செம்பாக்கம் ஏரியை ஒட்டி நெல்வயல் மிச்சம் இருந்தது. மார்கழிக் காலையில் வரப்பில் நடந்தால் அறுகின் நுனிப்பனி புடவைக் கரையை நனைக்கும். இப்போது வயல் இல்லை. பேரூராட்சியாக இருந்தது நகராட்சியாகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஏறத்தாழ 100 ஏக்கர் ஏரியில் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த காலமும் உண்டு. தொண்டு நிறுவனங்கள் அரசோடு சேர்ந்து தூர்வாரிக் கரையைச் சீராக்கிய பிறகு பறவைகள் வருகின்றன. இந்த ஏரி நிரம்பினால் நீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வேண்டும். அதற்குமுன் மண்ணில் இறங்க வேண்டும். வாசலெல்லாம் பேவர் பிளாக் பதித்துவிட்டால் எங்கே இறங்கும்? 2015 டிசம்பரில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் முழங்கால் அளவு நின்ற தண்ணீரை நாங்கள் மறக்கவில்லை.

வாசலில் ஒரு துண்டு மண் வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அதை சிமென்ட்டால் மூடாதீர்கள். பொட்டலத்தில் இருக்கும் குளிர்நாட்டுப் படத்தைப் பார்த்து விதை வாங்காதீர்கள். அறுகு தானாக வரும். மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது கோரையைக் கிழங்கோடு எடுத்துவிடுங்கள். கிழங்கு அறுந்து நின்றால் மறுபடி முளைக்கும். ஒன்றரை அங்குலம் விட்டு அரிவாளாலோ கத்தரியாலோ வெட்டுங்கள். ஆடிக்கு முன் ஒருமுறை மட்கிய சாணம் தூவுங்கள். கோடையில் வாரம் ஒரு முறை ஆழமாக நீர் விட்டால் போதும். பழுத்தாலும் பயப்பட வேண்டாம். அதன் உறக்கம் முதல் மழையில் கலையும். மர நிழலில் அறுகு மெலியும். அந்த இடத்தை வேறு செடிக்கு விட்டுவிடுங்கள்.

என் ரை புல் வைக்கோலான பிறகு அந்த மண்ணை நான் தொடவில்லை. 2023 வைகாசியில் பெய்த ஒரு கோடைமழைக்குப் பின், மதிலோரத்தில் நான் பிடுங்கத் தவறிய கணு ஒன்றிலிருந்து அறுகு ஓடத் தொடங்கியது. ஆடி முடிவதற்குள் பாதித் தரையை மூடிவிட்டது. அந்த ஆண்டு விநாயகர் சதுர்த்திக்கு நாங்கள் அறுகு வாங்கக் கடைக்குப் போகவில்லை.